நானாவதி வழக்கில் தவறியது யார்?

திருப்பதியில் சட்டம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலும் சரி, சித்தூர் நீதிமன்றத்தில் தலை நரைத்த வக்கீலைக் கேட்டாலும் சரி, இந்தியாவில் ஜூரி முறை ஏன் ஒழிந்தது என்றால் பதில் ஒன்றுதான்: நானாவதி வழக்கு. கதை எல்லோருக்கும் மனப்பாடம். 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தன் மனைவி சில்வியாவோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவை பம்பாயில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். ஒன்பது பேர் கொண்ட ஜூரி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், குற்றவாளி அல்ல என்றது. கொலை செய்தவருக்கு விடுதலை. சாமானியர் கையில் நீதியைக் கொடுத்தால் இப்படித்தான் உணர்ச்சியில் அடித்துக்கொண்டு போவார்கள். சட்டம் படித்த நீதிபதி ஒருவரே போதும். நாடு அப்படி முடிவு கட்டியது என்று கதை முடிகிறது. 2016-ல் ‘ருஸ்தம்’ இந்திப் படம் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் இறுகிவிட்டது.

இந்தக் கதையை நான் மறுக்கிறேன். வரலாறு என்ற வகையில் இது தவறு. அதைவிடப் பெரிய குறை, ஒரு நீதிபதி செய்த பிழையை எடுத்து ஒன்பது குடிமக்களின் தலையில் வைப்பது.

தேதிகளிலிருந்து தொடங்கலாம். எம். சி. சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையை 1958 செப்டம்பரில் கொடுத்தது. ஜூரி விசாரணையைக் கைவிட வேண்டும் என்ற பரிந்துரை அதிலேயே இருக்கிறது. அகுஜாவின் வீட்டில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. நானாவதிக்குப் பிறகும் கல்கத்தாவில் ஜூரி விசாரணைகள் நடந்தன. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்புக்கு வந்த 1974 ஏப்ரல் 1 அன்றுதான் ஜூரி சட்டப் புத்தகத்தை விட்டே போனது. கொலையாளியை விட்டுவிட்டார்கள் என்று கொதித்தெழுந்த நாடு பதினைந்து ஆண்டு காத்திருக்குமா?

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கதை ஒட்டாது. மாகாணத்தின் வெளிமாவட்டங்களில் ஜூரிக்கு விடப்பட்டவை பெரும்பாலும் திருட்டு, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்கள். கொலை வழக்கென்றால் நீதிபதிக்குப் பக்கத்தில் அசெஸர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம். நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அந்த அசெஸர் முறையையும் 1955-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. அப்போது மக்களவைத் துணைத் தலைவராக இருந்தவர் திருச்சானூரில் பிறந்து சித்தூரில் வக்கீல் தொழில் செய்த அனந்தசயனம் ஐயங்கார். குடிமக்களை நீதிமன்ற மேடையிலிருந்து இறக்கும் வேலை, பம்பாயில் ஒரு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இனி வழக்குக்கே வருவோம். இதைப் பேசுகிறவர்களில் பலர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்கள் அல்லர். படித்திருந்தால், அதில் கூண்டில் நிறுத்தி விசாரிக்கப்படுவது ஜூரி மட்டுமல்ல என்பது தெரிந்திருக்கும். அந்தத் தீர்ப்பின் கணிசமான பகுதி செஷன்ஸ் நீதிபதி ஆர். பி. மேத்தா ஜூரிக்கு ஆற்றிய தொகுப்புரையைப் பற்றியது.

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வேலை தெளிவாகப் பங்கிடப்பட்டிருந்தது. நடந்தது என்ன என்று முடிவு செய்வது ஜூரி. சட்டம் என்ன என்று சொல்வது நீதிபதி. இரு தரப்பு வாதமும் முடிந்ததும் சாட்சியத்தைத் தொகுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் அதை எடைபோட வேண்டும் என்று 297-ஆம் பிரிவின்படி நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னதன் தலைப்புகள் எழுத்தில் பதிவாக வேண்டும். ஏன் எழுத்தில்? ஜூரி காரணம் சொல்லாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசும், வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லும், அவ்வளவுதான். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உள்ளே எட்டிப்பார்க்கக் கிடைக்கும் ஒரே ஜன்னல் நீதிபதியின் அந்தத் தொகுப்புரை. நீதிபதியின் தவறான வழிகாட்டலாலோ, அவர் சொன்ன சட்டத்தை ஜூரி தவறாகப் புரிந்துகொண்டதாலோ தீர்ப்புப் பிழைபட்டிருந்தால் ஒழிய, உயர் நீதிமன்றம் ஜூரியின் முடிவில் கைவைக்கக் கூடாது என்று 423-ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. அதற்குப் புறம்பாக இன்னொரு வழி 307-ஆம் பிரிவு: ஜூரியின் முடிவை ஏற்க முடியாத செஷன்ஸ் நீதிபதி, நீதியின் பொருட்டு அவசியம் என்று தெளிவாக நம்பினால், வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மேத்தா அந்த வழியை எடுத்தார். நியாயமாகச் சிந்திக்கும் எந்த ஒன்பது பேரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று எழுதி அனுப்பினார்.

அந்த ஒன்பது பேரிடம் அவர் என்ன சொல்லியிருந்தார்?

நானாவதியின் வாதம், இருவருக்கும் நடந்த கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு விபத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் விபத்து என்று வாயால் சொன்னால் போதாது. செய்த காரியம் சட்டப்படியானதாக, சட்டப்படியான முறையில், தக்க எச்சரிக்கையோடு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த விலக்கைக் கோருகிறவர்தான் அதற்கான சூழ்நிலையைக் காட்ட வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு. ஜூரிக்கு இதைவிட முக்கியமான சட்டம் அந்த வழக்கில் வேறு இல்லை. கப்பலிலிருந்து ரிவால்வரையும் ஆறு தோட்டாவையும் வாங்கிக்கொண்டு, இன்னொருவரின் படுக்கையறைக்குள் நுழைந்தவருக்கு ‘தக்க எச்சரிக்கை’ என்ற சொல் பொருந்துமா என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியவர் நீதிபதி. 80-ஆம் பிரிவின் கூறுகளையும், சுமை யார் மேல் என்பதையும் அவர் சரியாக விளக்கவில்லை என்றுதான் மேல் நீதிமன்றங்கள் கண்டன.

சில்வியா அகுஜாவுக்கு எழுதிய கடிதங்களின் கதை இன்னும் வருத்தமானது. அகுஜாவுக்குத் திருமண எண்ணம் இருந்ததா, அந்த அறையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எடைபோட அவை உதவக்கூடியவை. சாட்சியத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றின் உள்ளடக்கத்தை நீதிபதி ஜூரிக்கு முறையாக எடுத்து வைக்கவில்லை. நாள் கணக்கில் விசாரணை நடந்து, சாட்சிகள் வரிசையாக வந்து போன வழக்கில், எந்தக் காகிதம் கனமானது, எது வெறும் தாள் என்று பிரித்துக் காட்ட நீதிபதியைத் தவிர அங்கே யார் இருந்தார்கள்?

1960 மார்ச் 11 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஷேலட்டும் நாயக்கும் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஷேலட் முதலில் பிடித்துக்கொண்டது தொகுப்புரையில் இருந்த தவறான வழிகாட்டல்களை. அவற்றால் ஜூரியின் முடிவு கெட்டுப்போனது என்று கண்டு, சாட்சியம் முழுவதையும் தானே எடைபோட்டார். 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் கோகா சுப்பா ராவ். திருப்பதிக்கு அவர் அந்நியர் அல்லர். 1954-ல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் வேந்தராக இருந்தவர். அந்த வளாகத்திலிருந்து சட்டம் படித்து வெளியே வரும் பிள்ளைகளாவது அவர் எழுதியதை முழுக்கப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை நான் ஒளிக்கப் போவதில்லை. நாயக் வேறு வழியில் போனார். நியாயமாகச் சிந்திக்கும் யாரும் இந்தச் சாட்சியத்தைக் கொண்டு இந்த முடிவுக்கு வர முடியாது என்பது அவர் காரணம். ஷேலட்டும் மாற்றுக் காரணமாக இதைச் சொன்னார். இந்த அளவுகோலை, அன்று லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946-ல் ராமானுக்ரஹ் சிங் வழக்கிலேயே வகுத்துவிட்டது. நானாவதிக்கு எதிரான சாட்சியமும் பலமானதுதான். கைகலப்பு நடந்ததாகச் சொல்லப்பட்டும் குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்பில் துண்டு அப்படியே இருந்தது. மேல் நீதிமன்றங்கள் சரியான முடிவுக்குத்தான் வந்தன என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த அளவுகோலை யார் மேல் வைக்கிறார்கள் என்று பாருங்கள். நாயக் எடைபோட்டது முழுச் சாட்சியத்தை, சரியான சட்டத்தைக் கொண்டு. அந்த ஒன்பது பேர் எடைபோட்டது தங்களுக்கு விளக்கப்பட்ட சாட்சியத்தை, தங்களுக்குச் சொல்லப்பட்ட சட்டத்தைக் கொண்டு. ஜூரி நீதிபதியின் சட்டத்தை ஏற்றே ஆக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கட்டளை. குறையான சட்டத்தைக் கையில் கொடுத்து, அதன்படி முடிவு சொன்ன பிறகு, நியாயமாகச் சிந்திக்கிறவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மேத்தா தன் கருத்தில் உறுதியாக இருந்திருக்கிறார் என்பது அவர் அனுப்பிய குறிப்பிலேயே தெரிகிறது. அவர் கண்ணுக்குப் பட்டது, ஜூரி கதவைச் சாத்துவதற்கு முன் அவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டாமா? வரைபடத்தில் தெருவைத் தவறாகக் குறித்துக் கொடுத்துவிட்டு, வழி தெரியாதவன் என்று வந்தவனை ஏசுவது போன்றது இது.

அவர்கள் படிப்பறிவில்லாத கூட்டமும் அல்லர். நானாவதி வழக்கில் உட்கார்ந்தது சிறப்பு ஜூரி. நகரத்தில் வசதியும் தகுதியும் உள்ளவர்களின் பட்டியலிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். கூலிக்காரரும் குடியானவரும் அந்த மேடையில் ஏறவே இல்லை. ‘சாமானியன் தோற்றான்’ என்ற வாக்கியத்தில் சாமானியன் என்பதே பொய்.

அடுத்தது, பத்திரிகை கிளப்பிய உணர்ச்சி. ஆர். கே. கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வாராவாரம் நானாவதியை நாயகனாக்கியது உண்மைதான். அந்த அலை அடித்துக்கொண்டு போனது யாரை என்பதுதான் என் கேள்வி. உயர் நீதிமன்றம் தண்டனை விதித்த அதே நாளில், பம்பாய் ஆளுநர் ஸ்ரீபிரகாசா அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தார். சென்னை மாகாணத்தில் சித்தூர் இருந்தபோது நமக்கும் ஆளுநராக இருந்தவர் அவர். உச்ச நீதிமன்றம் தன் முன் வழக்கு இருக்கும்போது அந்த உத்தரவு செல்லாது என்று 1960 செப்டம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 1964-ல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பே கொடுத்தார். அரண்மனையில் உட்கார்ந்து, ஆலோசகர்கள் புடைசூழ, ஆற அமர எடுத்த முடிவுகள் இவை. உணர்ச்சிக்கு இடம் கொடுத்ததற்காக ஆளுநர் பதவியை ஒழிக்க வேண்டும் என்று யாரும் இந்த வழக்கை மேற்கோள் காட்டியதில்லை.

சென்னையின் பழைய வழக்குகள் இரண்டைச் சொன்னால் என் வாதம் இன்னும் தெளியும். சுப்பிரமணிய ஐயர் வழக்கில் ஜூரியின் முன் ஒரே விசாரணையில் இரண்டாண்டு காலத்தில் நடந்த 41 செயல்களைக் கொட்டினார்கள். ஓராண்டுக்குள் நடந்த, ஒரே வகையான மூன்று குற்றங்களுக்கு மேல் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். ஜூரி குற்றவாளி என்றது. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற உயர் நீதிமன்றம் பார்த்தது. 1901-ல் பிரிவி கவுன்சில் ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணையை நடத்திய முறையே சட்டத்தை மீறியது, பின்னால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது என்று முழுவதையும் தள்ளியது. ஜூரியை அங்கே யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் முன் எதை வைப்பது என்று முடிவு செய்தவர்கள் மேல்தான் குறை.

மற்றது தமிழர் அனைவரும் அறிந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945 மே மாதம் ஜூரியின் முடிவின் பேரில் ஆயுள் தண்டனை பெற்றார்கள். பிரிவி கவுன்சில் அவர்களை விடுதலை செய்துவிட்டதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடி கேட்கச் சொல்லிச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் விடுவித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள். வழக்கின் முதுகெலும்பு அப்ரூவரின், அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புக்கு மாறிய உடந்தையாளியின், சாட்சியம். அப்படிப்பட்ட சாட்சியை வேறு ஆதாரம் இல்லாமல் நம்புவது ஆபத்து என்று ஜூரியை எச்சரிப்பது நீதிபதியின் கடமை என்று சட்டம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. ஜூரி தவறு செய்தது என்று சொல்லி இந்த வழக்கையும் மூட்டைகட்டிவிடுகிறார்கள். முதல் மேல்முறையீட்டைக் கேட்ட படித்த நீதிபதிகளும் அதே தண்டனையை உறுதி செய்தார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இங்கே நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டிலிருந்து செம்மரம் வெட்டப் போன தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. திருப்பதி கடைத்தெருவிலிருந்து ஒன்பது பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தால் அந்த ஏழைகளின் கதி என்ன என்பது கேள்வி. இலங்கையைப் பார்த்தால் அச்சம் இன்னும் கூடும். அங்கே உயர் நீதிமன்றத்தில் இன்றும் ஜூரி உண்டு. குமாரபுரம் படுகொலை வழக்கில் 2016 ஜூலையில் அனுராதபுரத்தில் இராணுவத்தினரை ஜூரி விடுவித்தது. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில், அதே ஆண்டு டிசம்பரில், முழுக்கச் சிங்கள மொழி பேசும் ஜூரி கொழும்பில் எல்லோரையும் விடுவித்தது. அந்தக் குடும்பங்களின் வேதனைக்கு முன் ஜூரியின் பெருமை பேச எனக்கு வாய் வராது.

ஆனால் குமாரபுரம் வழக்கைத் திருகோணமலையிலிருந்து அனுராதபுரத்துக்கு மாற்றியது ஜூரி இல்லை. ரவிராஜ் வழக்கில் எந்த மொழி ஜூரி என்று முடிவு செய்ததும் ஜூரி இல்லை. யாரை உட்கார வைப்பது, எங்கே உட்கார வைப்பது, அவர்களுக்கு எதைச் சொல்வது என்ற மூன்றும் ஜூரிக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகள். மேல்முறையீட்டில் கேள்விக்குள்ளாக வேண்டியவையும் அவைதான். ‘ஜூரி அப்படித்தான்’ என்று கைகழுவினால் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள்.

ஜூரியை நாளைக்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது, ஜூரியோடு எதை இழந்தோம் என்ற கணக்கை. நீதிபதி தன் தலைக்குள் இருக்கும் சட்டத்தைத் திறந்த நீதிமன்றத்தில், சட்டம் படிக்காத ஒன்பது பேருக்குப் புரியும்படி, வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கூண்டில் நின்றவரும் அதைக் கேட்டார். தவறாகச் சொன்னால் மேலே உள்ளவர்கள் வரிவரியாகப் பிடித்தார்கள். நானாவதி வழக்கில் மேல் நீதிமன்றங்களால் பிழையைத் தொட்டுக் காட்ட முடிந்ததே மேத்தா அதைச் சொல்லிப் பதிவு செய்திருந்ததால்தான்.

ஜூரி போய் ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. இன்று செஷன்ஸ் நீதிமன்றங்களில் அந்த இடத்துக்கு ஓரளவு நெருங்கி வருவது, சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேராகக் கேள்வி கேட்கும் கட்டம். 1974-ல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 313-ஆம் பிரிவு. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 351. உனக்கு எதிராக இன்னின்ன சொல்லியிருக்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்காத சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சரத் சர்தா வழக்கில் அழுத்தமாகச் சொன்னது. இருந்தும் நாலைந்து சங்கதியை ஒரே நீளக் கேள்வியில் திணிப்பதும், ‘பொய்’ என்ற ஒற்றைப் பதிலை எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போவதும் இன்றும் நடக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து வந்து, தெலுங்கு புரியாமல் சித்தூரிலோ திருப்பதியிலோ கூண்டில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி தமிழில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதில் ஒரு மனிதரின் பத்தாண்டு அடங்கியிருக்கிறது. அது போய்ச் சேராதபோது மேல்முறையீட்டில் வழக்கு உடைகிறது, அல்லது நிரபராதி உள்ளே கிடக்கிறார். அந்த வழக்குகளில் எதிலும் ஜூரி இல்லை. விசாரணை நீதிபதி சொல்ல வேண்டியதைச் சொன்னாரா, கேட்க வேண்டியதைக் கேட்டாரா என்று 1961-ல் சுப்பா ராவ் முன் நின்ற கேள்விதான் அவற்றிலும் நிற்கிறது.